நிற்கச் சொன்ன நிழல்கள்

எட்டாம் பிளாக்கில் பைன் மரங்களை வெட்டி, கிளை கழித்து, லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவற்றின் நிழல்கள் போகவில்லை. அடிக்கட்டைகள் முழங்கால் உயரம்கூட இல்லை. அவற்றிலிருந்து கிளம்பிய நிழல்களோ முழு மரத்துக்கு எவ்வளவு நீளம் இருக்குமோ அவ்வளவு நீளத்துக்குத் தரையில் கிடந்தன. காலையில் மேற்கே நீட்டிப் படுத்தன, உச்சி வேளையில் சுருங்கிக் காலடிக்கு வந்தன, மாலையில் கிழக்கே நீண்டு சாலையைத் தாண்டி மர டிப்போ சுவரில் ஏறின. காற்றடித்தால் அசைந்தன. மேகம் மூடிய நாளில் மற்ற நிழல்களைப் போலவே விடுப்பு எடுத்துக்கொண்டன. முதலில் ஊரே திரண்டு வந்து பார்த்தது. பிறகு லாரி டிரைவர்கள் வண்டிகளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு ஒரு டீக்கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். மர நிழல் என்றால் எறும்பு விழும், எச்சம் விழும், ஊசி இலை டீயில் விழும். இந்த நிழலில் அப்படி ஒரு தொல்லையும் கிடையாது என்று அவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிழலைப் பார்த்து வயிறெரிந்தவள் ஒருத்திதான். காடு முழுக்கப் பெயிண்டக்கா என்று அழைக்கப்பட்ட அவளுடைய பொறுப்பில் இருந்தது எட்டாம் பிளாக். கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா, இடுப்பில் பிரஷ். எந்த மரம் இருக்கும், எந்த மரம் போகும் என்று முடிவு செய்கிற வேலை. காடு என்றதும் அது தானாக முளைத்தது என்று நினைக்கிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது கயிறு பிடித்து வரிசையாக நட்ட காடு. பைன் கன்றுகளை வேண்டுமென்றே நெருக்கமாகத்தான் நடுவார்கள். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருந்தால்தான் அது படராமல், வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும். அந்தப் போட்டியை அப்படியே விட்டுவிட்டாலோ எல்லாம் தீக்குச்சியாக நெடுத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எதுவும் உருப்படாது. அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டும். கோணல், கவட்டை, நோஞ்சான் எல்லாம் வெளியே போகும், மிச்சம் தடிக்கும். முதல் இரண்டு கலைப்புகளில் போகிற மரத்துக்கு மஞ்சள் வளையம் போடுவார்கள். கடைசிக் கலைப்பில் போகிறவை அதிகம், இருக்கிறவை குறைவு என்பதால் வழக்கம் தலைகீழாகும். நிற்கிற மரத்துக்குத்தான் வளையம். பெயிண்ட் மிச்சமாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

வெட்டுகிற ஆட்களின் தலைவர் அவளுடைய கணவர்தான். மெஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதால் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த மனிதர். அந்தக் காட்டில் ஒரு நடைமுறை உண்டு. அடையாளம் போட்டவரும் வெட்டுகிறவரும் ஒரே மரத்தில் கை வைத்து, போகிறதா நிற்கிறதா என்று ஒருவர் கேட்டு மற்றவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ரம்பம் ஓடும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படட்டும் என்று யாரோ புத்தியுள்ளவர் வைத்த ஏற்பாடு. அந்த வருடம் மழை முன்னதாகவே இருட்டிக்கொண்டு வந்தது. வேறொரு பிளாக்கில் நடவு ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் வளையங்களைப் போட்டு முடித்துவிட்டு அங்கே ஓடினாள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவர் அவளுக்காகக் காத்திருக்காமல் ரம்பத்தை ஓட்டினார். நடந்தது இவ்வளவுதான். இடையில் வண்டு விழுந்த ஒரு வருடம் செத்த மரங்களை எல்லாம் எடுத்தார்களே, அதையும் ஒரு கலைப்பாக அவள் கணக்கு வைத்திருந்தாள். ஆகவே இது கடைசி, வளையம் போட்டவை நிற்க வேண்டியவை. அது பிணம் எடுத்தது, அதை யாராவது கலைப்பு என்று சொல்வார்களா என்பது அவர் கணக்கு. ஆகவே இது இரண்டாவது, வளையம் போட்டவை போக வேண்டியவை. அவள் திரும்பி வந்தபோது பிளாக்கின் தங்கமான மரங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. கோணலும் கவட்டையும் நோஞ்சானும் ஜம்மென்று நின்றன.

நோஞ்சான்கள் அதுவரை நின்றதே நல்ல மரங்களின் மறைவில்தான். அடுத்து வந்த முதல் பெருங்காற்றில் அவை படபடவென்று ஒடிந்து விழுந்தன. ஒடிந்தவற்றின் நிழல்கள் ஒழுங்காக அவற்றோடு போய்ச் சேர்ந்தன. வளையம் போட்டு வெட்டப்பட்டவற்றின் நிழல்கள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

நல்ல மரங்கள் விழுந்த அன்றிலிருந்து கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. வளையத்தின் அர்த்தம் தெரியாதவனுக்கு ரம்பம் எதற்கு என்பது அவள் சொன்ன கடைசி வார்த்தை. போட்டவள் நின்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு இருவரும் சுவரிடம்தான் பேசினார்கள். சமையலறைச் சுவரைப் பார்த்து அவள் உப்பு தீர்ந்துவிட்டது என்பாள். மாலையில் உப்பு வந்துவிடும். வாசல் கதவைப் பார்த்து அவர் சட்டையில் பொத்தான் போய்விட்டது என்பார். காலையில் பொத்தான் இருக்கும். சுவரும் கதவும் ஒத்துழைக்காத விஷயங்களுக்கு மகள் இருந்தாள். காட்டு நாற்றங்காலை நடத்துகிறவள், கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவள், பொறுமைக்குப் பேர் போனவள் அல்ல. "நான் என்ன இந்த வீட்டுத் தபால்பெட்டியா? ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா எனக்குத்தான் கழுத்து வலிக்குது" என்று அவள் ஒருநாள் கத்தினாள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளின் ஆத்திரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. எட்டாம் பிளாக்கில் அவள் நாற்றுகள் செத்துக்கொண்டிருந்தன. பைன் நாற்று என்பது விதையைத் தூவித் தண்ணீர் ஊற்றினால் வந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. பழைய பைன் மரத்தடி மண்ணை அள்ளி வந்து பாத்தியில் கலக்க வேண்டும். அந்த மண்ணில் இருக்கிற பூஞ்சை வேரில் ஒட்டிக்கொண்டால்தான் நாற்று சாப்பிடவே கற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் ஒரு சாண் உயரத்தில் மஞ்சள் பூத்துப்போய் நிற்கும். மகள் அதையெல்லாம் சரியாகச் செய்து, பச்சைப் பசேலென்று வளர்த்து, பிளாக்கில் கொண்டுபோய் நட்டாள். மழைக்காலம் முழுக்க அவை கும்மென்று இருந்தன. வானம் வெளுத்து வெயில் வந்ததும் நிழல்கள் வேலைக்குத் திரும்பின. நாற்றுகள் துவண்டு செத்தன. வெயில் வந்ததனால் நிழலில் செத்த நாற்றை உலகத்திலேயே அங்கேதான் பார்க்க முடியும். பைனுக்கு வேறு எதைக் குறைத்தாலும் பொறுத்துக்கொள்ளும், வெளிச்சத்தைக் குறைத்தால் பொறுக்காது. தாய் மரத்தின் நிழலிலேயே பிள்ளை மரம் பிழைக்காது என்னும்போது இல்லாத மரத்தின் நிழலில் எப்படிப் பிழைக்கும்? போதாக்குறைக்கு நிழல்கள் வருடாவருடம் வளர்ந்தன. முதல் வருடம் அவற்றுக்கு நடுவே அங்கங்கே வட்ட வட்டமாக வெயில் விழுந்தது. பிறகு கிளையோடு கிளை சேர்ந்து மூடிக்கொண்டது. டீக்கடைக்காரர் இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். நல்ல வெயில். வந்தவுடன் நாற்காலியை நிழலில் போடச் சொல்லி உட்கார்ந்து, ஒரு டீயும் குடித்து, இடம் ஜிலுஜிலுவென்று இருப்பதாகப் பெயிண்டக்காவிடம் பாராட்டினார்.

"நிழல் அருமையா இருக்கும்மா. ஆனா எனக்கு நிழல் வேண்டாம், மரம் வேணும்."

"சார், நிழல் இருக்கறதாலதான் மரம் வரல."

"எதோட நிழல்?"

"வெட்டின மரத்தோடது சார்."

"வெட்டின மரத்துக்கு ஏதும்மா நிழல்?" என்று கேட்டுவிட்டு, நிழல் நகர்ந்துவிட்டதால் அவர் தன் நாற்காலியையும் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவளுக்கு அந்த நாற்காலியைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று இருந்தது. கிளம்பும்போது அவர் முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார். இதோடு நடவு பலமுறை பொய்த்துவிட்டது, இன்னும் ஒரு நடவு பார்ப்போம். அதுவும் போனால் எட்டாம் பிளாக்கைக் காட்டுக் கணக்கிலிருந்து எடுத்துக் கல் உடைக்கிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். காலியாகக் கிடக்கிற நிலத்துக்கு அவரால் எத்தனை நாள் பதில் சொல்ல முடியும்? நிலம் காலியாக இல்லை என்று அவள் கரடியாகக் கத்தினாள். ஜீப் போய்விட்டது.

அதன் பிறகு அவள் நிழலோடு நேரடியாக மல்லுக்கு நின்றாள். அடிக்கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்தாள். நிழல்கள் குழியிலிருந்து கிளம்பின. தரையில் சுண்ணாம்பு கொட்டினாள். வெள்ளைத் தரையில் நிழல் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. வேட்டுக்காரரை வரவழைத்து வெடி போட்டாள். எங்கிருந்தோ ஒரு கூட்டம் பறவை நிழல்கள் பயந்து எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் கிளை நிழலில் வந்து உட்கார்ந்தன. லாரி டிரைவர்கள் கைதட்டினார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது மகள்தான் சொன்னாள்:

"நீதானேம்மா வளையம் போட்டு நில்லுன்னு சொன்ன? அது நிக்குது. சொன்ன பேச்சைக் கேக்கறது தப்பா?"

அவளுக்குச் சுருக்கென்றது. போட்ட அடையாளத்தை ரத்து செய்வதற்கும் முறை உண்டு; மஞ்சள் வளையத்தின் மேல் கறுப்புக் கோடு இழுத்தால் ஆயிற்று. மரம்தான் இல்லையே என்று அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் நின்று, வளையம் இருந்த மார்பு உயரத்தில், வெறுங்காற்றில் கறுப்புப் பெயிண்டைப் பூசினாள். பெயிண்ட் அவள் செருப்பில் சொட்டியது. நிழல்கள் அசையவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் மட்டும் சொல்லி அந்தக் காட்டில் எந்த மரமும் முறைப்படி இறங்கியதில்லை. இரண்டு கை வேண்டும், இரண்டு வாய் வேண்டும். இரண்டாவது கையும் வாயும் அவள் வீட்டுக் கூடத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டுதான் இருந்தன. போய்க் கூப்பிட்டால் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவள் கூப்பிடவில்லை. தானாகப் போனால் தப்பு தன்னுடையதாகிவிடும் என்று அவர் வரவில்லை. காற்றில் பெயிண்ட் அடிக்கிறாள் என்று ஊரே சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீம்பு என்பது இரண்டு பேரும் சேர்ந்து வளர்க்கிற பிள்ளை. அந்த வீட்டில் அது நன்றாகத் தின்று கொழுத்திருந்தது.

கடைசி நடவு முடிந்து மழையும் விட்டது. வெயில் அடிக்கத் தொடங்கிச் சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் பிளாக்குக்குப் போய்ப் பார்த்தாள். ஊசி நுனிகள் பழுக்க ஆரம்பித்திருந்தன. வரிசை வரிசையாக எல்லாம் அப்படியே. மகள் ஒரு நாற்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன்மேல் விழுந்த நிழலைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்கும் அழாதவள். அன்று அழுதாள். பெயிண்டக்கா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க வெட்டினது தப்பு. நான் நின்னு சொல்லாம போனது தப்பு. எது பெருசுன்னு அப்புறம் சாகற வரைக்கும் சண்டை போடலாம். இப்ப ரம்பத்தை எடுங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வருடம் கழித்து வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வண்டு விழுந்த வருஷம் பண்ணது கலைப்பு இல்ல."

"கலைப்புதான்."

"இல்லவே இல்ல."

"நடந்துக்கிட்டே பேசுங்க. பிள்ளை அங்க அழுதுட்டு இருக்கா."

அவர் நடந்துகொண்டே பேசினார். வீட்டிலிருந்து குவார்ட்டர்ஸ் வரிசை நெடுக, பிளாக்கின் மறுமுனை வரைக்கும் இருவரும் ஏகக் குரலெடுத்துச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். வழியில் ஜன்னல்கள் திறந்தன.

முதல் குழியின் முன்னால் அவள் வலது கையை மார்பு உயரத்தில் காற்றில் வைத்தாள். அவர் எதிர்ப்பக்கம் நின்று தன் கையை வைத்தார். இரண்டு கைகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே உயரத்தில், ஒரு மரத்தின் தடிமன் இடைவெளியில் நின்றன.

"போகுதா, நிக்குதா?"

"போகுது."

அவர் ரம்பத்தை ஓட்டினார். சங்கிலி காற்றைத்தான் அறுத்தது. ஆனால் கட்டையில் இறங்கும்போது வருகிற கனத்த சத்தம் வந்தது. நிழலின் அடிப்பகுதியில் ஒரு வெளிச்சக் கீறல் தெரிந்தது. பிறகு அது தள்ளாடி, பக்கத்து நிழல்களின் கிளைகளை உரசிக்கொண்டு சாய்ந்தது. விழுந்த வேகத்தில் டீக்கடையின் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலைப்படாமல் விழுந்த நிழல் விழுந்த திசையிலேயே கொஞ்ச நேரம் கிடந்து, ஈரத் தரை காய்வதுபோல ஓரத்திலிருந்து காய்ந்து போனது. அது நின்ற இடத்தில் பளீரென்று வெயில் விழுந்தது. இருவரும் கையைப் பார்த்தார்கள். பிசின் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தார்.

அந்த வேலை ஒரு கோடை முழுக்க நடந்தது. எது விழும் திசை, எதை முதலில் எடுப்பது, ரம்பத்துக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் சண்டை வந்தது. வண்டு விழுந்த வருடம் தினமும் ஒருமுறையாவது வந்தது. நிழல் குறையக் குறைய லாரி டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். டீக்கடைக்காரர் தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று சபித்துக்கொண்டே வண்டியை டிப்போ சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். நாற்றுகளில் ஒரு பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது, மறுபாதி நிமிர்ந்தது. செத்துப்போனவற்றின் இடத்தில் மகள் புதிதாக நட்டாள். பெரிய அதிகாரி வந்து, இம்முறை நாற்காலி போட இடமில்லாமல் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தார். கல் உடைக்கிறவர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஒரு மரமாவது விட்டு வைத்திருக்கலாமே, சூடு தாங்கவில்லையே என்றும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியாக மிஞ்சியது பிளாக்கின் ஓரத்தில் அவர்களுடைய குவார்ட்டர்ஸ் வீட்டை ஒட்டி நின்ற ஒரு நிழல். காட்டிலேயே பெரியது. மதியத்துக்கு மேல் வீட்டுக் கூரை மேலும் படுக்கையறை ஜன்னல் மேலும் அதுதான் விழும். அதன் கீழே ஒரு வரிசை நாற்று பழுத்துக்கொண்டிருந்தது. அவள் கையை வைத்தாள். அவரும் வைத்தார்.

"போகுதா, நிக்குதா?"

இது அவர் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டுவிட்டார். அவள் போகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நிக்கட்டும்."

"ஏன்?"

"மத்தியான வெயில் பட்டா உனக்கு ஒத்தைத் தலைவலி வரும். ராத்திரி வரைக்கும் எந்திரிக்க மாட்ட."

இந்த நிழல் வந்த நாளிலிருந்து தனக்கு அந்தத் தலைவலி வரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு மனிதர் அதைக் கவனித்து வைத்திருக்கிறார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் இதைச் சொல்லாமல் இருந்ததற்கும் கோபம், இப்போது சொன்னதற்கும் கோபம். மகள் தூரத்திலிருந்து கூவினாள்: "அம்மா, அதுக்கு அடியில ஒரு வரிசை கன்னு இருக்கு! பழுக்குது பாரு!"

ஒரு நாற்றுக்காக ஊரோடு சண்டை போட்டவள் அவள். அந்த வரிசையை ஒருமுறை பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"அதைப் பிடுங்கி வேற எங்கயாவது நடு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நிக்குது" என்றாள்.

எட்டாம் பிளாக்கில் இப்போது பைன்கள் கூரையைத் தாண்டி நெருக்கமாக நிற்கின்றன. முதல் கலைப்புக்கு நேரம் வந்துவிட்டது. வெட்டுகிற ஆட்கள் ரம்பத்தை அணைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெயிண்டக்காவும் அவள் கணவரும் ஒவ்வொரு மரத்திலும் கை வைத்து, உரக்கக் கேட்டு, உரக்கச் சொல்லி, நடுவில் வண்டு விழுந்த வருடத்துக்கு ஒரு சண்டையும் போட்டு முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வட்டம் மட்டும் மரமில்லாமல் கிடக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அங்கே ஏன் நடவில்லை என்று கேட்பார்கள். அங்கே ஒரு மரம் நிற்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். கேட்டவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போவார்கள்.